எரிந்தால் ஒரு தட்டு

நம் வயதுக்காரர்களுக்குச் சொன்னால் விளங்கும் என்றுதான் இதை எழுதுகிறேன். இந்தக் காலத்துப் பிள்ளைகளிடம் சொன்னால், "இவ்வளவுதானா?" என்று கேட்டுவிட்டுப் போனைப் பார்க்கப் போய்விடுவார்கள்.

போன வாரம் எண்ணூர் நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஒரு வாடகைக் காரில் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். முன்னால் கண்ணுக்கெட்டிய தூரம் சிவப்பு விளக்குகள். ஒன்று அணைகிறது, அடுத்தது எரிகிறது, வரிசை மட்டும் நகரவில்லை. "இன்னாமா, மூச்சு வாங்குது? ஏசிய கூட்டட்டா?" என்று டிரைவர் திரும்பிப் பார்த்தார். ஏசிக்கும் அந்த மூச்சுக்கும் சம்பந்தமில்லை. பல்லியைக் கண்டால் சிலருக்கு ஆகாது, கரப்பானைக் கண்டால் சிலருக்கு ஆகாது. எனக்குக் காரின் பின்னால் எரியும் சிவப்பு விளக்கு ஆகாது. அறுபது எழுபது வருஷமாக ஆகாது.

வாப்பாவுக்குக் கல்மண்டபத்தில் கயிற்றுக் கடை. கிணற்றுக் கயிறு என்று நினைத்துவிடாதீர்கள். கப்பல் கட்டும் கயிறு, அந்த வயதில் என் தொடைப் பருமன் இருக்கும். கூடவே தார், பாய்மரத் துணி, கட்டுமரக்காரர்களுக்கு வலைநூல். வெள்ளைக்காரர்கள் மூட்டை கட்டிய சமயத்தில், துறைமுகத்தில் உத்தியோகம் பார்த்த ஒரு துரை தன் பழைய காரை வாப்பாவின் தலையில் கட்டிவிட்டுக் கப்பலேறினார். கறுப்பு வண்டி. முன்னால் தவளைக் கண் போல இரண்டு விளக்கு. பின்னால் நம்பர் பலகைக்குப் பக்கத்தில் ஒரே ஒரு சிவப்பு விளக்கு, அதன் கண்ணாடியிலேயே நாலு இங்கிலீஷ் எழுத்து வார்த்திருந்தது.

வாப்பாவுக்கு அரபு ஓதத் தெரியும், தமிழ் படிக்கத் தெரியும், இங்கிலீஷ் தெரியாது. யாரோ வாசித்துக் காட்டியிருக்கிறார்கள். அதை வண்டியின் கம்பெனிப் பெயர் என்று எடுத்துக்கொண்டார். கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம், "நம்ம வண்டி ஸ்டாப் கம்பெனி. சீமையில அதுக்கு மேல கம்பெனி இல்ல" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் ஐந்தாம் வகுப்பில் அந்தச் சொல்லைப் படித்த அன்று வண்டியைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தேன். எங்கள் வண்டி டிரைவரிடம் அர்த்தம் சொன்னேன். அவரும் சிரித்தார்.

"மொதலாளியாண்ட சொல்லிடாத பாப்பா. ஆசயா சொல்லிகினுகீறாரு. சொல்லிகினு போட்டும்."

டிரைவர் ராயபுரத்து வேதக்காரர். வாப்பா வயது. சண்டை நடந்தபோது பட்டாளத்தில் லாரி ஓட்டியவர். காக்கிச் சட்டை, காதோரம் நரை, வண்டியைக் கிளப்புமுன் நெஞ்சில் ஒரு சிலுவைக் குறி. மழை நாளில் என்னைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுவிடுவது அவர்தான். வாரத்துக்கு ஒரு முறை பிரேக் விளக்கு எரிகிறதா என்று பார்ப்பார். அதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் பெடலை மிதிக்க வேண்டும், ஒருவர் பின்னால் நின்று பார்க்க வேண்டும். பின்னால் நிற்கும் ஆள் நான். என்ஜின் இரைச்சலில் கத்தினாலும் காதில் விழாது என்பதால் எங்களுக்குள் ஓர் ஏற்பாடு இருந்தது.

"எரிஞ்சா தகரத்துல ஒரு தட்டு. அணைஞ்சா ரெண்டு தட்டு. சரியா பாப்பா?"

அவர் மிதிப்பார், நான் ஒரு தட்டு தட்டுவேன். காலை எடுப்பார், இரண்டு தட்டு. எனக்கு அந்த வயதில் அதைவிடப் பெரிய உத்தியோகம் இருந்ததில்லை.

பன்னிரண்டு வயதில் நான் பெரியவளானேன். பள்ளிக்கூடம் அத்தோடு நின்றது. தெரு நின்றது, மொட்டைமாடி நின்றது. உங்களில் பாதிப் பேருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எந்த வீடானாலும் ஏதோ ஒரு வடிவத்தில் பார்த்திருப்பீர்கள். எங்களிடம் அதற்குக் கோஷா என்று ஒரு பெயர் இருந்தது, அவ்வளவுதான். என் பாடப் புத்தகங்களை உம்மா பழைய பேப்பர்காரனுக்குப் போட்டார். இங்கிலீஷ் ரீடரை மட்டும் நான் பாவாடைக்குள் செருகி ஒளித்துவிட்டேன். அதை வீட்டில் வைக்க இடமில்லை. எங்கள் வீட்டில் உம்மாவின் கை போகாத மூலை கிடையாது. கடைசியில் வண்டியின் பின்சீட்டுக்கு அடியில் சொருகினேன்.

வண்டி நிற்கும் ஷெட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். வீட்டின் கொல்லைப்புறத்தை ஒட்டி, பின்சந்தைப் பார்த்தாற்போல் இருந்தது. டிரைவர் எப்போதும் வண்டியைப் பின்பக்கமாகவே உள்ளே விடுவார். அப்போதுதான் பின்சீட்டுக் கதவு, கொல்லையிலிருந்து ஷெட்டுக்குள் திறக்கும் சின்னக் கதவுக்கு நேராக வரும், நாங்கள் தெருவில் கால் வைக்காமல் ஏறிக்கொள்ளலாம். அந்தச் சின்னக் கதவுக்குப் பொம்பளைக் கதவு என்று பெயர். சுவருக்கும் வண்டியின் பின்பக்கத்துக்கும் நடுவில் இரண்டு சாண் இடம் இருக்கும். சந்துப் பக்கத்துத் தகரக் கதவைப் பூட்டிவிட்டால் உள்ளே பட்டப்பகலிலும் கும்மிருட்டு. அந்தப் பூட்டுக்குச் சாவி இரண்டு. ஒன்று வாப்பாவிடம், ஒன்று டிரைவரிடம்.

வாப்பா நாள்தோறும் கடைக்கு நடந்துதான் போவார். வெள்ளிக்கிழமைத் தொழுகைக்கும், துறைமுகத்தில் பெரிய மனிதர்களைப் பார்க்கவும், மாதம் ஒருமுறை எங்களை வண்ணாரப்பேட்டையில் பெரியும்மா வீட்டுக்கு அழைத்துப் போகவும்தான் வண்டி. அந்த மாதம் ஒருமுறைதான் எனக்கு வெளியுலகம். அதற்கும் பின்சீட்டைச் சுற்றி நாலு பக்கமும் படுதா. படுதாத் துணி வாப்பாவின் கடைச் சரக்கு, பாய்மரத் துணி. கடலில் புயலைத் தாங்கும் துணி காரில் காற்றை விடுமா? உள்ளே தார் வாடையும் உம்மாவின் அத்தர் வாடையும் சேர்ந்து குமட்டும். நான் வாயால் மூச்சு விட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

நான் கோஷாவானதிலிருந்து டிரைவர் என்னோடு பேசக் கூடாது. அவருக்குச் சும்மா இருக்க வராது. முன்கண்ணாடியைப் பார்த்துப் பேசுவார். "ரயில் கேட்டு போட்டுட்டான். கூட்ஸ் வந்துகினுகீது. நிலக்கரி வண்டி. நாப்பது பெட்டிக்கு மேல கீது." கொஞ்ச தூரம் போனதும், "தோ, கருவாடு காய வெச்சிகீறாங்க, ரோட்டயே அடச்சிகினு." அவர் சொல்லச் சொல்ல நான் படுதாவுக்கு வெளியே இருக்கும் ஊரைப் பார்த்துக்கொண்டு வருவேன். ஒருநாள் வாப்பா, "யார்கிட்டப்பா பேசிகினு வர்ற?" என்று கேட்டார்.

"வண்டியாண்ட மொதலாளி. பேச்சு குடுத்துகினே இருந்தாதான் மக்கர் பண்ணாம ஓடுது."

மத்தியானம் சாப்பாடானதும் உம்மா கண்ணயர்வார். நான் பொம்பளைக் கதவு வழியாக ஷெட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வேன். முதலில் சும்மா போய் இருட்டில் உட்கார்ந்திருந்தேன். யாரும் என்னைப் பார்க்காத இடம் அது ஒன்றுதான். புத்தகம் கையில் இருந்தும் படிக்க வெளிச்சமில்லை. அப்போதுதான் பிரேக் விளக்கு நினைவுக்கு வந்தது. அந்த வண்டியில் அதற்குச் சாவி போட வேண்டியதில்லை, பெடலை அமுக்கினால் போதும். சிவப்புக் கண்ணாடிக்கு அடியில், நம்பர் பலகைமேல் வெளிச்சம் விழுவதற்காக விரல் அகலத்தில் ஒரு வெள்ளைக் கண்ணாடியும் உண்டு. விரல் அகல வெளிச்சம் ஒரு வரிக்குப் போதாதா?

பெடலை மிதித்துக்கொண்டே பின்னால் போய்ப் படிக்க முடியாதே. கொல்லையில் வாப்பா தொழுகைக்குமுன் கைகால் கழுவி ஒளு செய்யப் போட்டுக்கொள்ளும் மரக்கட்டைச் செருப்பு ஒரு ஜோடி இருந்தது. அதில் ஒன்றை எடுத்து, ஒரு முனையைப் பெடலிலும் மறுமுனையைச் சீட்டின் அடிப்பலகையிலும் கொடுத்து இறுக்கினேன். சுவர் சிவந்தது. இரண்டு சாண் இடுக்கில் நுழைந்து, முதுகைச் சுவரில் கொடுத்து, முழங்காலை வண்டியில் முட்டுக்கொடுத்து உட்கார்ந்தேன். புத்தகத்தை நம்பர் பலகைக்குக் கீழே பிடித்தால் ஒரு சமயத்தில் இரண்டு வரி தெரியும். நகரவோ திரும்பவோ முடியாது. ஆனால் சத்தியமாகச் சொல்கிறேன், அந்த வருஷம் நான் நிம்மதியாக மூச்சு விட்ட இடம் அந்த இடுக்குதான்.

"முதுகுல ஏதுடி சுண்ணாம்பு?" என்று உம்மா கேட்டபோது, "சுவத்துல சாஞ்சேன்" என்றேன். அது பொய்யில்லை.

ஒருநாள் வெகுநேரம் படித்துவிட்டுக் கட்டைச் செருப்பை எடுத்தேன். விளக்கு அணையவில்லை. பெடலைக் கையால் தூக்கிப் பார்த்தேன், அது மேலேதான் இருந்தது. அதற்குள் உள்ளே உம்மா எழுந்த சத்தம் கேட்கவே ஓடிவந்துவிட்டேன். மறுநாள் மத்தியானம் போய்ப் பார்த்தால் அணைந்திருந்தது. கொஞ்ச நேரத்தில் தானாகவே அணைந்துவிடும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

தானாகத்தான் அணைந்தது. பேட்டரியில் ஒரு சொட்டு இல்லாமல் போனால் எந்த விளக்குதான் எரியும்? அன்று காலை வண்டி கிளம்பவில்லை என்றும், டிரைவர் பேட்டரியைக் கழற்றி ரிக்‌ஷாவில் வைத்துச் சார்ஜ் ஏற்றக் கொண்டுபோனார் என்றும் எனக்குத் தெரியும். விளக்குக்கும் பேட்டரிக்கும் முடிச்சுப் போடத்தான் தெரியவில்லை. இரண்டு வாரம் கழித்து மறுபடியும் அப்படியே நடந்தது. அந்த முறை வாப்பா காலை எட்டு மணிக்குத் துறைமுகத்தில் ஒரு கப்பல் அதிகாரியைப் பார்க்க வேண்டியிருந்தது. வண்டி கிளம்பாமல் நடந்தே போய்ச் சேருவதற்குள் அந்தக் கப்பலின் கயிற்று வியாபாரத்தை இன்னொரு கடைக்காரர் தட்டிக்கொண்டு போய்விட்டார். வாப்பா வீட்டுக்கு வந்து சோற்றைத் தொடவில்லை.

அடுத்த நாள் தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு மெக்கானிக்கைக் கூட்டி வந்தார். நானும் உம்மாவும் பொம்பளைக் கதவின் இடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தோம். மெக்கானிக் ஒவ்வொரு கம்பியாக இழுத்துப் பார்த்தார். பேட்டரி முனையைச் சுரண்டித் துடைத்தார். பிறகு பின்னால் வந்து, இடுக்கில் எட்டிப் பார்த்துக்கொண்டு, "டைவரு, மெரி" என்றார். டிரைவர் மிதித்தார், எரிந்தது. "வுடு" என்றார். அணைந்தது. மறுபடி மிதி, மறுபடி விடு. ஒரு குறையும் இல்லை.

"லைட்டெல்லாம் டக்கு டக்குனு அணையுது பாய். பேட்டரியும் ஷோக்காத்தான் கீது."

"அப்ப எப்படிப்பா எறங்குது?"

"லைட்டு எரிஞ்சாதான் பாய் எறங்கும். யாரு எரிச்சாங்கனு நான் இன்னாத்த கண்டேன்?"

 பேட்டரியை இறக்கியது நான்தான் என்று அந்த நிமிஷத்தில்தான் தெரிந்துகொண்டேன். வாப்பாவும் அதே நிமிஷத்தில் ஒன்றைத் தெரிந்துகொண்டார், தப்பாக. விளக்கு எரிந்திருக்கிறது. விளக்கை யாரும் பகலில் போடமாட்டார்கள். ஆகவே வண்டி இரவில் வெளியே போயிருக்கிறது. மதுவிலக்கு வந்து, எண்ணூர்க் காயல் பக்கத்திலிருந்து சாராயம் கார்களில் வருவதாக ஊரெல்லாம் பேச்சு. எவ்வளவு தூரம் ஓடியது என்று பார்க்கலாமென்றால் மீட்டர் துரை காலத்திலேயே நின்றுபோனது. வாப்பா டிரைவரின் சாவியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

நான் நாலு நாள் ஷெட்டுப் பக்கம் போகவில்லை. ஐந்தாம் நாள் போனேன். கொஞ்ச நேரம் மட்டும் படித்தால் கெடுதல் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கொஞ்ச நேரம் படித்துவிட்டுக் கட்டையை எடுத்தால் விளக்கும் ஒழுங்காக அணைந்தது. அப்படி ஒரு வாரம் ஓடியது. பிறகு ஒரு மத்தியானம், என்னைப் பெண் பார்க்க முன்னறிவிப்பு இல்லாமல் நாலு பெண்கள் வந்து இறங்கினார்கள். உம்மா கொல்லையில் நின்று என் பெயரைக் கூப்பிட்ட வேகத்தில் புத்தகத்தைச் சீட்டுக்கடியில் எறிந்துவிட்டு ஓடினேன். பெடலில் இருந்த கட்டையை எடுக்கவில்லை.

வந்தவர்கள் பொழுது சாய்ந்து மஃரிபுத் தொழுகை வரை இருந்தார்கள். எனக்குப் பட்டுடுத்தித் தலைகுனிய வைத்து உட்கார வைத்தார்கள். அவர்கள் போனதும் உம்மா, எல்லா ராத்திரியும் போல, பொம்பளைக் கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். சுவருக்கு அந்தப் பக்கம் விளக்கு எரிந்துகொண்டிருக்கிறது என்று எனக்குத் தெரியும். வீட்டில் என்னைத் தவிர யாருக்கும் தெரியாது. என்ன சொல்லி அந்தக் கதவைத் திறக்கக் கேட்பது?

காலையில் சுபுஹுத் தொழுகைக்கு எழுந்த வாப்பா ஒற்றைக் கட்டைச் செருப்போடு கொல்லை முழுவதும் தேடினார். "நாய் தூக்கிகினு போயிருக்கும்" என்றார் உம்மா. ஏழு மணிக்கு டிரைவர் வந்தார். வெளியே நின்றபடியே கையை விட்டு ஸ்டார்ட்டரை இழுத்திருக்கிறார், வண்டி கிளம்பவில்லை.

வாப்பா உம்மாவிடம் பொம்பளைக் கதவைத் திறக்கச் சொல்லி ஷெட்டுக்குப் போனார். நான் கதவிடுக்கில் கண்ணை வைத்தேன்.

"சாவி உன்கிட்ட ஒண்ணு, என்கிட்ட ஒண்ணு. என்னுது தலமாட்டுல கீது. ராத்திரி வண்டி எங்க போச்சு?"

"எங்கியும் போவல மொதலாளி. மாதா மேல ஆணயா போவல."

"எண்ணூருக்குப் போவலியா?"

டிரைவர் வண்டிப் பக்கம் திரும்பினார். கையால் சுற்றிக் கிளப்பிப் பார்க்கலாம் என்று, ஹாண்டிலை எடுக்க முன்சீட்டுக்கு அடியில் குனிந்தார். நிமிர்ந்தபோது அவர் கையில் கட்டைச் செருப்பு இருந்தது. வாப்பா முதுகைக் காட்டிக்கொண்டு தகரக் கதவைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார். டிரைவர் கட்டையைத் திருப்பிப் பார்த்தார். பெடலைப் பார்த்தார். பின்சீட்டுப் பக்கம் பார்த்தார். அப்புறம் பொம்பளைக் கதவைப் பார்த்தார். ஒரு கணம்தான். அவருக்கு எல்லாம் தெரிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது.

கட்டையைச் சத்தமில்லாமல் கீழே வைத்தார்.

"சரி மொதலாளி" என்றார்.

"இன்னா சரி?"

"நீங்க சொல்றதே சரியா இருந்துட்டு போட்டும்."

வாப்பா திரும்பி, கதவுக்கு இந்தப் பக்கம் உம்மா இருக்கிற திசையைப் பார்த்து, "கேட்டியா? அவன் வாயாலயே ஒத்துக்கினான்" என்றார். பிறகு அவரிடம், "சாவிய வெச்சுட்டு போய்டு. போலீசுக்கு போவாம வுடறனே, அதுவே பெருசு" என்றார்.

"வண்டிய ஒரு தபா தொடச்சி வெச்சுட்டு போறேன் மொதலாளி."

வாப்பா கடைக்குப் போனார். உம்மா அடுப்படிக்குப் போனார். நான் கதவோடு ஒட்டிக்கொண்டு நின்றேன். டிரைவர் முதலில் பெடலுக்கு அடியில் கையை விட்டு எதையோ தடவிப் பார்த்தார், பிறகு துணியை நனைத்து வண்டியை மெதுவாகத் துடைத்துக்கொண்டு வந்தார். துடைத்துக்கொண்டே, எப்போதும்போல, வண்டியோடு பேசினார். கொஞ்சம் உரக்கப் பேசினார்.

"கேட்டுக்க. உனுக்கு ஒரு வியாதி கீது. பெடல ரொம்ப நேரம் அமுக்கியே வெச்சா அடில கீற சுவிட்சு மாட்டிக்குது. கடக்காத்துல துரு புட்சிகீது. பெடலு மேல வந்துடும், லைட்டு மட்டும் அணையாது. மெக்கானிக்கு ஒரு தபா மெரிச்சி பாத்தா அது தெரியாது. கால் பலக ஓரத்துல ஒரு ஓட்ட கீது. அதுல கைய வுட்டா சின்னதா ஒரு ஸ்பிரிங்கு ஆப்டும். வெரலால ஒரு சுண்டு சுண்டுனா போதும், அணைஞ்சிடும். பின்னால போய் அணைஞ்சிட்ச்சானு பாத்துட்டுதான் போவணும்."

துணியைப் பிழியும் சத்தம் கேட்டது.

"அடுத்தால வர்ற டைவருக்கும் வூடு வாசல் கீது."

கதவுக்கு அந்தப் பக்கம், வாசற்படியில் எதையோ வைக்கும் சத்தம். நான் தட்டியிருக்கலாம். கதவில் ஒரு தட்டு, கேட்டேன் என்று சொல்ல. தட்டவில்லை. அவர் போன பிறகு திறந்து பார்த்தேன். படியில் கட்டைச் செருப்பு இருந்தது. எடுத்துப் போய் ஜோடியோடு சேர்த்து வைத்தேன். சாயங்காலம் வாப்பா அதைப் பார்த்து, "ஜின்னு கொணாந்து வெச்சுதா?" என்று சிரித்தார். உம்மாவும் சிரித்தார்.

அவர் ஏன் சொல்லவில்லை என்று அப்போது நான் நினைத்தது வேறு. என்மேல் இருந்த பிரியம் என்று நினைத்தேன். கல்யாணமாகிப் பிள்ளை பெற்ற பிறகுதான் மீதி விளங்கியது. பூட்டிய ஷெட்டு, அதற்கு ஒரு சாவி வைத்திருக்கும் ஆண், அதே ஷெட்டில் மத்தியான வேளையில் கோஷாப் பெண். அந்தக் கட்டையைத் தூக்கிக் காட்டியிருந்தால் அவருடைய திருட்டுப் பட்டம் போயிருக்கும். அதைவிட மோசமான ஒன்று எங்கள் இரண்டு பேர்மேலும் விழுந்திருக்கும். அவர் இரண்டில் சின்னதை எடுத்துக்கொண்டார்.

நான் பத்து நாள் அழுதேன். பதினோராம் நாள் மறுபடி ஷெட்டுக்குப் போனேன். அதைச் சொல்லத்தான் எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனால் போனேன், அந்த இடுக்கு இல்லாமல் என்னால் இருக்க முடியவில்லை. படித்து முடித்ததும் கால் பலகையின் ஓட்டையில் கையை விடுவேன். ஸ்பிரிங் விரலில் தட்டுப்படும். ஒரு சுண்டு. பின்னால் போய்ப் பார்ப்பேன், அணைந்திருக்கும். அவர் சொன்னது ஒரு எழுத்துத் தப்பவில்லை. அதற்குப் பிறகு பேட்டரி ஒரு நாளும் இறங்கவில்லை.

அதுதான் வாப்பாவுக்குச் சாட்சியாகப் போயிற்று.

"பாத்தியா? அவன் போனான், பேட்டரி எறங்கறதும் நின்னுச்சு" என்று வீட்டில் சொன்னார், கடையில் சொன்னார், பள்ளிவாசலில் சொன்னார். கல்மண்டபத்தில் வாப்பாவின் சொல்லுக்கு மதிப்பு உண்டு. சில மாதம் கழித்து ஒருநாள் சோறு போடும்போது உம்மா, "அந்த டிரைவருக்கு எங்கயும் வேல குடுக்க மாட்டேங்கிறாங்களாம். பாவம், புள்ளகுட்டிக்காரன்" என்றார்.

"நம்ம வண்டி பேட்டரி இப்ப எறங்குதா? இல்லியே. அப்ப அவன் செஞ்சதுதானே?" என்றார் வாப்பா. நான் தண்ணீர்ச் செம்பை வைத்துக்கொண்டு பக்கத்தில்தான் நின்றேன்.

ஒரே ஒரு நாள் சுண்டாமல் விட்டால் போதும், பழையவர்மேல் தப்பில்லை என்று ஆகிவிடும் என்று யோசித்தேன். ஆனால் வாப்பா அப்படி யோசிக்கும் மனிதரல்ல. புது டிரைவரும் எண்ணூருக்குப் போக ஆரம்பித்துவிட்டான் என்பார். சுண்டினால் பழையவர் திருடன், சுண்டாவிட்டால் புதியவர் திருடன். அந்த இரண்டு சாண் இடுக்கில் உட்கார்ந்து இதையே போட்டு உழப்பிக்கொண்டிருந்தேன். மூன்றாவதாக ஒரு வழி இருந்தது, வாயைத் திறப்பது. அதை நான் செய்யவில்லை. வாப்பா மௌத்தாகிக் கண்ணை மூடும்வரை பழைய டிரைவரைத் திருடன் என்றுதான் சொன்னார், நானும் அதுவரை கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

அந்த ரீடரை நான் மூன்று முறை முழுதாகப் படித்தேன். இன்றைக்கு அதிலிருந்து ஒரு வரிகூட நினைவில்லை. டிரைவர் வண்டியோடு பேசியது மட்டும் வார்த்தை பிசகாமல் இருக்கிறது.

பதினைந்து முடிவதற்குள் எனக்கு நிக்காஹ் குறித்தார்கள். முதல் நாள் பெரியும்மா வீட்டில் மருதாணி இட்டார்கள். இரண்டு கையிலும் மணிக்கட்டு வரை அப்பி, துணியால் சுற்றிக் கட்டி, "பொழுது விடியறவரைக்கும் எதையும் தொடக் கூடாது" என்று சொல்லி வண்டியில் ஏற்றினார்கள். நான் நடுவில், உம்மா ஒரு பக்கம், பெரியும்மா ஒரு பக்கம். கையை மடியில் பொம்மைபோல வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இருட்டத் தொடங்கியிருந்தது. ராயபுரம் ரயில்வே கேட்டில் வண்டி நின்றது. புது டிரைவர் பேசாத மனிதர். கூட்ஸ் வருகிறதா, எத்தனை பெட்டி என்றெல்லாம் சொல்லமாட்டார்.

பின்கண்ணாடிப் படுதா வண்டி நின்ற அதிர்ச்சியில் ஓரமாக விலகியிருந்தது. கழுத்தைத் திருப்பினேன். பின்னால் நிலக்கரி மூட்டை ஏற்றிய ஒரு கைவண்டி நின்றது. அதை இழுத்துவந்தவர் நுகத்தடியைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தார். புது டிரைவர் பெடலில் காலை அழுத்தியிருந்ததால் பிரேக் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அந்தச் சிவப்பு அவர் முகத்தில் விழுந்தது, எங்கள் பழைய டிரைவர். காக்கிச் சட்டை இல்லை, வெறும் முண்டா பனியன். தலை முழுக்க நரைத்திருந்தது.

அவர் வண்டியைப் பார்த்த மாத்திரத்தில் தெரிந்துகொண்டார். உள்ளே யார் இருக்கிறார்கள் என்று எட்டிப் பார்க்கவில்லை. விளக்கைத்தான் பார்த்தார். இரண்டடி முன்னால் வந்தார். உம்மா படுதாவைச் சட்டென்று இழுத்துவிட்டார்.

வண்டியின் பின்தகரத்தில் ஒரு தட்டு கேட்டது.

"யார்யா அது?" என்றார் புது டிரைவர். கூட்ஸ் போய் முடிந்தது. கேட் தூக்கும் மணி அடித்தது. டிரைவர் பெடலிலிருந்து காலை எடுத்தார். விளக்கு அணைந்திருக்க வேண்டும்.

இரண்டு தட்டு கேட்டது.

அது மன்னிப்பா, குத்திக்காட்டியதா, அல்லது பழைய வேலைக்காரர் பழக்கத்தில் செய்ததா, எனக்கு இன்றுவரை தெரியாது. தெரியாமலேதான் போகப்போகிறேன். பதிலுக்கு உள்ளேயிருந்து தகரத்தில் ஒரு தட்டு தட்டினால் போதும் என்று மட்டும் அப்போது தெரிந்தது. தலைக்குப் பின்னால், எட்டும் தூரத்தில்தான் தகரம். துணி சுற்றிய வலது கையை மடியிலிருந்து தூக்கினேன்.

"கைய அசைக்காதடி, கலைஞ்சிடும்" என்றார் உம்மா.

நான் அசைக்கவில்லை.